கொலம்பியா விண்ணோடம் சிதைந்த நாளில் நாம் யாருக்காக அழுதோம்?

கேள்வி: சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை

அன்பர்களுக்கு வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், தாம் மதிக்கும் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதிவருமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கல்பனா சாவ்லாவைப் பற்றி எழுதி வந்து வாசித்தாள். அரியானாவின் கர்னால் நகரில் பிறந்தவர், சண்டிகரில் விமானப் பொறியியல் படித்தவர், அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றவர், 1997இல் முதன்முறையாக விண்வெளிக்குப் போனவர், 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கக் கால் மணி நேரமே இருந்த வேளையில் சிதைந்தபோது இறந்தவர் என்று பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அந்த நாளில் நான் அழுததை நானும் வகுப்பில் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். "அம்மா, அந்த ஓடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்றான். ஏழு பேர் என்றேன். "மற்ற ஆறு பேரின் பெயர் என்ன?" என்றான். இஸ்ரேல் நாட்டவர் ஒருவர் இருந்தார் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. வேறு ஒரு பெயரும் என் வாயில் வரவில்லை. அவன் விடவில்லை. "கல்பனா தமிழரும் இல்லை, தென்னாப்பிரிக்கரும் இல்லை. நீங்கள் ஏன் அழுதீர்கள்?" என்று கேட்டான். துடுக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் நேரப்படி பிற்பகல் நான்கு மணி. நம் நாட்டில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் தொடங்க ஒரு வாரம் இருந்தது. அதனால் வீட்டில் தொலைக்காட்சி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீல வானத்தில் ஒரே வெண்கோடாக வந்தது இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து நீளுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கரண்டி கையோடு நின்று பார்த்தார். "பாவம், நம்ம வீட்டுப் பிள்ளை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்பு வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் மனம் உறுத்துகிறது. நம் நிறத்தில், நம் காதுக்குப் பழகிய ஒரு பெயரோடு ஒருவர் இருந்திராவிட்டால், ஏழு பேர் இறந்ததை ஒரு செய்தியாகக் கேட்டுவிட்டு நான் கிரிக்கெட்டுக்குத் திரும்பியிருப்பேனோ என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று உங்களைச் சுற்றியிருந்தவர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதை நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். அந்தத் துயரத்தால் ஏதாவது நல்லது விளைந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன். அந்தப் பையனிடம் ஒப்புக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

பதில் 1: மெரிபேங்க் முதியவர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் ரிக் ஹஸ்பண்ட், ஓட்டுநர் வில்லியம் மக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இலான் ரமோன். ஆண்டர்சன் அமெரிக்கக் கறுப்பினத்தவர். பிரவுனும் கிளார்க்கும் கடற்படை மருத்துவர்கள். ரமோன் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர்.

நான் அப்போது ஒரு துணி ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். திங்கட்கிழமை காலையில் தேநீர் நேரத்தில் எங்கள் மேசையில் நடந்த பேச்சை இன்றும் மறக்கவில்லை. அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். ஈராக் போர் வரப்போகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. ஜனவரி 30ஆம் நாள்தான் நெல்சன் மண்டேலா ஜோகன்னஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் புஷ்ஷைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். அதன் பிறகு இரண்டே நாளில் அதே புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, கொலம்பியா அழிந்துவிட்டது, உயிர் பிழைத்தவர் எவருமில்லை என்று சொன்னார். அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வந்த நாள்களில் அமெரிக்க விண்ணோடத்துக்காக அழ வேண்டியிருந்தது. எங்கள் மேசையில் ஒருவர், "போருக்குப் புறப்படுகிறவர்களுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியட்டும்" என்றார். இன்னொருவர் ரமோனைப் பற்றிப் பேசினார். 1981இல் பாக்தாத் அருகே அணு உலையைக் குண்டுவீசித் தகர்த்த விமானிகளில் ரமோனும் ஒருவர் என்பது உண்மை. அதைச் சொல்லி, இது ஆண்டவன் கொடுத்த கூலி என்றார். மேசை அமைதியானது. அவருடைய சொந்தப் பள்ளிவாசலுக்கே செல்லும் மூத்த தையற்காரர் ஒருவர் எழுந்து, "சாவு வீட்டு வாசலில் நின்று கணக்குப் பார்க்காதே, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் இயந்திரத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

ரமோனின் தாயார் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர் என்பதையும், அதே முகாமில் கொல்லப்பட்ட ஒரு சிறுவன் வரைந்த நிலவுக் காட்சியின் நகலை ரமோன் விண்வெளிக்கு எடுத்துப்போயிருந்தார் என்பதையும் நான் பிற்பாடுதான் படித்தேன். அந்தத் தேநீர் மேசையில் அது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

என் தாயார் செய்ததையும் எழுதுகிறேன். செய்தித்தாளிலிருந்து கல்பனாவின் படத்தை வெட்டி, வீட்டில் மறைந்தவர்களின் படங்கள் மாட்டியிருக்கும் சுவரின் கீழே வைத்தார். பதினாறாம் நாள் விளக்கேற்றி, பாலும் பழமும் வைத்து, சூடம் காட்டினார். "அம்மா, அவர்கள் வீட்டில் செய்வார்கள், நமக்கு எதற்கு?" என்று நான் கேட்டேன். "வெளியூரில் செத்த பிள்ளைக்கு எந்த வீட்டில் செய்தாலும் போய்ச் சேரும்" என்றார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்து, சாவுச் செய்திகூட ஊருக்குப் போய்ச் சேராமல் இங்கேயே மடிந்தவர்களின் பேத்தி அவர். அதனால்தான் அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே, பெயரைக் கேட்டு அழுததற்காக நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. 2002 ஏப்ரலில் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் ரஷ்ய சோயுஸ் கலத்தில் விண்வெளிக்குப் போனபோது, வெள்ளையரா கறுப்பரா என்று பாராமல், நம்மில் ஒருவர் மேலே போகிறார் என்று இந்த நாடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து வந்த துயரமும் அதே வழியில் வந்ததுதான். அறிமுகமான ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் மனம் அறிமுகமில்லாதவர்களிடம் போகிறது. அந்த ஒரு பெயரோடு நின்றுவிட்டோமா என்பதைத்தான் அந்தப் பையன் கேட்டிருக்கிறான். நான் அங்கேயேதான் நின்றேன். மற்ற ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்ய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பதில் 2: உம்பிலோ வெல்டிங் பரிசோதகர்

மெரிபேங்க் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனாலும் நான் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் குழாய்களையும் அழுத்தக் கலன்களையும் பரிசோதிக்கும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். அந்த வாரம் என்னைச் சுற்றியிருந்தவர்கள் இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள்: ஒன்று விதி, மற்றொன்று வீரமரணம். இரண்டும் அன்பினால் சொன்ன சொற்கள் என்பதை அறிவேன். ஆனால் இரண்டுமே, ஏன் நடந்தது என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிட்டன.

நடந்தது இதுதான். கொலம்பியா 2003 ஜனவரி 16ஆம் நாள் புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. புறப்பட்ட 82ஆவது விநாடியில், வெளி எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த காப்பு நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்தத் துண்டின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். நாம் பொருள்களைப் பொதி கட்டும்போது வைக்கும் நுரையைப் போல இலேசான பொருள். இவ்வளவு இலேசான ஒன்று எப்படி இறக்கையை உடைக்கும் என்றுதான் அங்கே பலரும் நினைத்தார்கள். நுரை இலேசாக இருந்ததே கேட்டுக்குக் காரணம் ஆயிற்று என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள், அம்மா. ஓடும் லாரியிலிருந்து ஒரு கல்லைப் போட்டால் அது சிறிது நேரம் லாரியின் வேகத்திலேயே கூட வரும். ஒரு காகிதத்தைப் போட்டால் காற்று அதை உடனே நிறுத்திவிடும், பின்னால் வரும் வண்டி முழு வேகத்தில் அதன்மேல் மோதும். நுரையும் பெயர்ந்த மறுகணமே காற்றில் வேகம் இழந்தது. விண்ணோடம் அதன்மேல் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது.

இறக்கையின் முன்விளிம்பு கரிமத்தால் செய்த தகடுகளால் ஆனது. பூமிக்குத் திரும்பும்போது அங்கே வெப்பம் 1,600 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தத் தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டால், கொதிக்கும் காற்று உள்ளே புகுந்து அலுமினியச் சட்டத்தை உருக்கிவிடும். பிப்ரவரி 1ஆம் நாள் சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியின் வேகத்தைப்போல் பதினெட்டு மடங்கு வேகத்தில் வரும்போது அதுதான் நேர்ந்தது.

இனி, நான் இன்னும் ஆறாமல் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். நுரை மோதியது மறுநாளே படச்சுருளில் தெரிந்துவிட்டது. பதினாறு நாள் பயணம் அது. சேதம் எவ்வளவு என்று பார்க்க, வானிலிருக்கும் விண்ணோடத்தைப் படமெடுத்துத் தருமாறு பொறியாளர்கள் ஒருமுறைக்கு இருமுறை அல்ல, மூன்று தனித்தனி வழிகளில் கேட்டார்கள். எந்த வழியிலும் படம் வரவில்லை. நுரை பெயர்வது முன்பும் நடந்திருக்கிறது, எல்லா முறையும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள், எனவே இது பராமரிப்புக் கணக்கில் சேரும் விஷயம், பாதுகாப்புக் கணக்கில் அல்ல என்று மேலாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான், 2002 அக்டோபரில், அட்லாண்டிஸ் என்ற மற்றொரு விண்ணோடம் பறந்தபோது தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. ஜனவரி 23ஆம் நாள் ஹஸ்பண்டுக்கும் மக்கூலுக்கும் மின்னஞ்சல் போயிற்று: நுரை மோதியது உண்மை, ஆனால் திரும்பி வருவதற்கு அதனால் எந்தக் கவலையும் இல்லை என்று. அதைப் படித்துவிட்டு அவர்கள் நன்றி சொல்லித் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

நான் முன்பு வேலை செய்த ஓர் ஆலையில் நீராவிக் குழாய் இணைப்பு ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று முறை பதிவேட்டில் எழுதினேன். "அது எப்போதும் ஒழுகுவதுதானே" என்றார்கள். எப்போதும் என்ற அந்தச் சொல் என் கையையும் தளர்த்திவிட்டது. நான்காவது முறை எழுதாமல் விட்டேன். அந்த இணைப்பு விட்டுப்போனபோது பக்கத்தில் நின்ற இளைஞனின் இரு கைகளும் வெந்துபோயின. அவன் உயிரோடு இருக்கிறான். விரல்களை மடக்க முடியாது. கொலம்பியா விசாரணைக் குழுவின் அறிக்கை 2003 ஆகஸ்டில் வெளிவந்தபோது, விபத்துக்கு நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கமும்தான் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோதும் இதுதான் நடந்தது. குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவாதீர்கள் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் மன்றாடியிருந்தார்கள்.

கல்பனாவை நினைத்து அழுதீர்களே, அந்த அழுகை தவறில்லை. ஆனால் அந்தப் பையன் ஏன் என்று கேட்கும்போது, விதி என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஜூலை 7ஆம் நாள் டெக்சாசின் சான் அன்டோனியோவில், அதே எடையுள்ள நுரையை அதே வேகத்தில் அதே மாதிரித் தகட்டின் மீது ஏவிப் பார்த்தார்கள். ஒரு மனிதத் தலை புகும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்த நாள் வரை, நுரையால் இது முடியாது என்று வாதிட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

பதில் 3: ஆக்டன்வில் வாசகி, பெனோனி

பரிசோதகர் ஐயா சேலஞ்சரைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். 1986 ஜனவரி 28ஆம் நாள் எனக்குப் பத்து வயது. நம் நேரப்படி மாலை ஆறரை மணிக்குச் சற்றுப் பிறகு அது புறப்பட்டு, 73ஆவது விநாடியில் சிதைந்தது. அதில் கிறிஸ்டா மக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். அடுத்த நாள் எங்கள் வகுப்பு ஆசிரியை பாடம் நடத்தாமல், அவரைப் பற்றிப் பேசிவிட்டு, எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். எங்கள் தெருக்களில் அப்போது நிறவெறி ஆட்சியின் இராணுவ வண்டிகள் போய்வந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் நாங்கள் எழுந்து நின்றோம்.

அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், எங்கள் ஊருக்குக் கிழக்கே எவாண்டர் அருகிலுள்ள கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் தீப்பிடித்து 177 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்காக எங்கள் வகுப்பில் எவரும் எழுந்து நிற்கவில்லை. கவனியுங்கள்: இறந்த வெள்ளையர்களைப் பெயர் சொல்லி அறிவித்தார்கள், கறுப்பினத் தொழிலாளர்களையோ இந்த இனக்குழுவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகத்தான் முதலில் அறிவித்தார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கம் அக்டோபர் 1ஆம் நாளைத் துக்க நாளாக அறிவித்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பதே என்னைப் போன்ற பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

ஐயா, இதைப் படித்தால் உங்களுக்குத் திடுக்கிடும். கின்ராசில் அத்தனை பேரைக் கொன்றதும் நுரைதான். சுரங்க வழியின் சுவரில் பூசியிருந்த பாலியூரித்தேன் நுரையில் வெல்டிங் வேலையின்போது தீப்பற்றி, நச்சுப் புகை சுரங்கமெங்கும் பரவியது. கொலம்பியாவின் தொட்டியிலிருந்து பெயர்ந்ததும் பாலியூரித்தேன் வகை நுரையே. ஒன்று உலகமே பார்க்க வானத்தில், மற்றொன்று எவருமே பார்க்காமல் பூமிக்கடியில். முன்னதில் இறந்தவர்களின் முகமும் சிரிப்பும் பிள்ளைகளின் வயதும்கூட நமக்குத் தெரியும்.

விண்வெளி வீரர்களுக்கு அழுதது மிகை என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வயதில் கிறிஸ்டாவுக்காக எழுந்து நின்றதற்கு நான் ஒருபோதும் வருந்தியதில்லை. செப்டம்பரில் ஏன் உட்கார்ந்தே இருந்தோம் என்பதுதான் எனக்கு இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி. உங்கள் மாணவன் கேட்டதும் ஏறக்குறைய அதுவே, அக்கா.

பதில் 4: வெருலம் செவிலி

அந்தத் துயரத்தால் நல்லது விளைந்ததா என்று ஆசிரியை அக்கா கேட்டிருந்தார். அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

கெட்டதும் விளைந்தது. சில மணி நேரத்துக்குள் இணையத்தில் விண்ணோடத்தின் துண்டுகளை ஏலத்துக்கு வைத்தார்கள். விண்ணோடம் வெடிக்கும் படம் என்று ஒரு திரைப்படத்தின் காட்சிகளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள்; எங்கள் மருத்துவமனை அலுவலகத்துக்கும் அது வந்தது, நாங்களும் நம்பினோம்.

ஆனால் கிழக்கு டெக்சாசில் நடந்தது வேறு. ஹெம்பில் என்பது காடு சூழ்ந்த மிகச் சிறிய ஊர். விண்ணோடத்தின் துண்டுகளோடு அந்த ஏழு பேரின் உடல்களும் அந்தப் பகுதிக் காடுகளில்தான் விழுந்தன. ஊர்க்காரர்கள் காவல்துறையோடும் தீயணைப்பு வீரர்களோடும் சேர்ந்து, குளிரிலும் மழையிலும் முட்புதரிலும் வரிசையாக நடந்து தேடினார்கள். ஊர்ப் பெண்கள், முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில், தேடப் போனவர்களுக்கு நாள்தோறும் சமைத்துப் போட்டார்கள். அவர்களுக்குள் எத்தனை பேருக்கு இறந்த அந்த ஏழு பேரின் பெயர் முன்பே தெரிந்திருக்கும்? உடல் கிடைத்த இடங்களில் சமயகுரு நின்று வேண்டுதல் சொன்ன பிறகே அதை எடுத்தார்கள். ஏழு பேரின் உடல்களும் அவரவர் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தன. பிணத்தைக் கையாளும் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். பார்க்க எவருமில்லாதபோதும் மரியாதை குறையாமல் அதைச் செய்வது எளிதல்ல.

மொத்தத்தில் ஏறத்தாழ 25,000 பேர் தேடுதலில் பங்கு கொண்டார்கள். மார்ச் 27ஆம் நாள் தேடுதல் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து இருவர் இறந்தார்கள். அவர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்? 84,000க்கும் அதிகமான துண்டுகள் கிடைத்தன. மார்ச் 19ஆம் நாள் ஹெம்பில் அருகே, பயணத்தின் அளவீடுகளைப் பதிவுசெய்த கருவி ஒன்று ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. வெப்பம் இடது இறக்கைக்குள் எந்த இடத்தில், எந்த விநாடியில் புகுந்தது என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. பரிசோதகர் ஐயா, நீங்கள் கேட்கும் ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததே, அழுதுகொண்டே காட்டில் நடந்த மனிதர்களால்தான். அழுகையும் விசாரணையும் ஒன்றையொன்று தடுக்கும் என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பதில் 5: உம்பிலோ வெல்டிங் பரிசோதகர்

சகோதரி சொல்வது சரி. நான் அவ்வளவு கடுமையாக எழுதியிருக்கக் கூடாது. கின்ராசில் நடந்ததும் என் தொழிலில் நேர்ந்ததே. அந்த நுரையின் பக்கத்தில் வெல்டிங் செய்ய விட்டது யார் என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஆக்டன்வில் அம்மாவுக்கு நன்றி.

பதில் 6: சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை

எழுதிய அனைவருக்கும் என் வணக்கம். இன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

முதலில் ஏழு பெயர்களையும் கரும்பலகையில் தமிழில் எழுதினேன். எனக்கு ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது என்பதையும், அது ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு கர்னாலில் கல்பனா படித்த பள்ளியில் அந்த மாலை நடந்ததைச் சொன்னேன். தங்கள் பள்ளியில் படித்தவர் பூமிக்குத் திரும்பி வருவதைக் கொண்டாட அங்கே பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கொண்டாட வந்த இடத்திலேயே சாவுச் செய்தியைக் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை. பரிசோதகர் ஐயா சொன்ன கல்லையும் காகிதத்தையும் மண்டப வாசலில் மேசை விசிறியின் முன்னால் போட்டுக் காட்டினேன். காகிதம் பின்னோக்கிப் பறந்ததும் கட்டுரை எழுதிய சிறுமி, "அப்படியென்றால் கணக்குப் போட்டிருந்தாலே தெரிந்திருக்குமே" என்றாள். கணக்கும் போட்டார்கள், ஆனால் படம் எடுத்துப் பார்க்க விடவில்லை என்று சொன்னபோது அவள் முகம் மாறியதை என்னால் விவரிக்க முடியவில்லை.

கேள்வி கேட்ட பையன் கடைசி வரை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். மக்கூல் என்பதில் ஒற்று வருமா வராதா என்று கேட்டுத் திருத்திக்கொண்டான். ஹெலிகாப்டரில் இறந்த இருவருக்கும் தனியாக இரண்டு வரி விட்டு வைத்திருக்கிறான். பிறகு கின்ராசைப் பற்றிச் சொன்னேன். 177 என்று அவனும் எழுதினான், எழுதிவிட்டு நிமிர்ந்து, "இவர்களின் பெயர்கள் எங்கே?" என்று கேட்டான்.

ஆக்டன்வில் தங்கையே, அந்த 177 பேரின் முழுப் பெயர்ப்பட்டியல் எந்த நூலகத்தில் அல்லது எந்தச் சங்க அலுவலகத்தில் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தத் தவணை முடிவதற்கு இன்னும் ஐந்து வகுப்புகள் இருக்கின்றன.